இரும்புத் தகடும் ஒன்றேகால் மணி நேரத் தண்ணீரும்

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, சுவிஸ் குடியுரிமை நேர்முகத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக இங்கே இருப்பவர், வைத்தியசாலைச் சமையலறையில் வேலை, ஒரு பார்க்கிங் தண்டம்கூடக் கட்டாதவர். ஒரு மாதமாகச் சாப்பிடும்போதும் மாநிலங்களின் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் ஆறு வருடத்துக்கு முன்பே அந்த நேர்முகத்தில் சித்தியடைந்தவள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு. "படிச்சது காணும், சரித்திரத்தைக் கண்ணால பாப்பம்" என்று ஜூலை மூன்றாம் சனிக்கிழமை இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நகரசபையில் முன்கூட்டியே வாங்கிய ஒருநாள் ரயில் சீட்டு, அரைக்கட்டண அட்டையோடு ஆளுக்கு 39 பிராங்க். காலை ஏழரைக்கு, நாங்கள் இருக்கும் ஆராவில் ஏறி, பேர்னில் மாறி, நீளச் சுரங்கம் தாண்டி ஃபிஸ்ப்பில் இறங்கினோம். அங்கிருந்து மஞ்சள் பஸ்சில் 35 நிமிடம். அதற்கும் சீட்டு செல்லும். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஏன் என்று வாசித்து முடிக்கும்போது புரியும்.

பார்க்கப் போனது மலைச்சரிவை ஒட்டி ஓடும் பழைய நீர்ப்பாசன வாய்க்கால். கரையோரம் ஆறு கிலோமீட்டர் நடைபாதை, ஏற்றம் குறைவு, முழங்கால் நோவுள்ள எனக்கே சிரமமில்லை. 11.10க்கு ஓரிடத்தில் வாய்க்காலுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தகடு செருகியிருந்தது. தண்ணீர் அதில் முட்டி, கரை மீறி, சரிவுப் புல்லுக்குள் பரந்து ஓடியது. இவர் யாழ்ப்பாணத்தில் வெங்காயத்துக்குத் தண்ணி மாறி, அதாவது பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட்டு, வளர்ந்தவர். வரம்பில்லாமல் ஓடும் தண்ணீரெல்லாம் இவர் கண்ணுக்கு வீண் தண்ணீர்.

"ஆரோ மறந்துபோய் விட்டிட்டினம். பாரும், எவ்வளவு தண்ணி" என்றபடி தகட்டை இழுத்துக் கரையில் வைத்தார். வாய்க்கால் நேரே ஓடத் தொடங்கியது. நாட்டுக்கு ஏதோ நல்லது செய்தவர்போல நடந்தார்.

இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு சிறிய மரக்குடில் வந்தது. உள்ளே படங்களும் விளக்கப் பலகைகளும், நுழைவு இலவசம். இடைக்காலத்திலேயே பாறையில் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு, பனியாற்று நீரை இந்தக் காய்ந்த சரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தண்ணீர் வந்ததும் புல் வந்தது. வெட்டிக் காயவைத்த புல் இருந்ததால் பனிக்காலத்திலும் கூடுதல் மாடுகளை வைத்திருக்க முடிந்தது. மாட்டுச் சாணி வயலுக்குப் போனது, ரொட்டி கூடியது, பிள்ளைகள் பிழைத்தார்கள், ஊர் பெருத்தது. எங்கள் ஆராவ் பக்கத்துச் சமவெளியில் கனமான கலப்பையும் வயலை மூன்றாகப் பிரித்து மாறி மாறி விதைக்கும் முறையும் செய்த வேலையை, இங்கே வாய்க்கால் செய்திருக்கிறது.

ஆனால் ஊர் பெருத்த அளவுக்குத் தண்ணீர் பெருகவில்லை. தகப்பனின் தண்ணீர் முறை பிள்ளைகளுக்குப் பிரிந்து, பிறகு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்து, கடைசியில் மணிக்கணக்காகச் சுருங்கியது. எவருக்கு எவ்வளவு நேரம் என்பதை மரக்கட்டைகளில் குறிகளாக வெட்டி வைத்தார்கள். பங்கு போதாதவர்கள் மலை தாண்டிப் பிழைக்கப் போனார்கள். முன்பின் தெரியாத அந்த ஆட்கள்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

கடைசிப் பலகையில், முறை இன்றும் நடக்கிறது என்று எழுதியிருந்தது. முறைக்காரர் தன் புல்வெளிக்குத் தண்ணீரைத் திருப்பும் விதத்துக்கு ஒரு படம்: வாய்க்காலுக்குக் குறுக்கே செருகிய இரும்புத் தகடு. இவர் முகம் வெளுத்துப்போனது.

"இஞ்சருங்கோ, ஒருத்தரும் காணேல்லை. 1.40 பஸ்சைப் பிடிப்பம். எங்கயாவது பேர் பதிஞ்சா நேர்முகத்தில பிரச்சினை" என்றேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

"அது இன்னொருத்தற்ற முறை. நீர் இரும், நான் போட்டு வாறன்."

நானும் பின்னால் போனேன். 12.25க்கு அந்த இடத்தில் றப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், மண்வெட்டியோடு நின்றார். தகட்டை அப்போதுதான் திரும்பச் செருகியிருந்தார், ஆனால் புல்வெளியின் கீழ்ப்பாதி இன்னும் காய்ந்தே கிடந்தது. அவர் சமைக்க வீட்டுக்குப் போன நேரத்தில் நடந்தது இது.

"எடுத்தது நான்தான். வீணாகப் போகிறது என்று நினைத்தேன்" என்றார் இவர், ஜெர்மனில்.

அவர் இவரை ஏற இறங்கப் பார்த்தார். "என் முறை இரண்டு மணியோடு சரி. அடுத்தது பதினான்கு நாள் கழித்து. இந்த வெயிலில் புல் என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். எங்கள் கிணற்றிலும் முறைதான்."

"அங்கே ஒருவர் முறையை இன்னொருவர் கெடுத்தால்?"

"அடிபிடி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், தண்ணீர்ப் பொறுப்பாளருக்குச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு கொப்பியை நீட்டி, பெயர் எழுதச் சொன்னார். இவர் முழுப் பெயரையும் ஆராவ் முகவரியையும் எழுதிக் கொடுத்துவிட்டு, மண்வெட்டியைக் கேட்டார்.

அடுத்த முறைக்காரர் தொலைபேசியில் அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தார். 2.30 வரை இவர் சின்னச் சின்னக் கீறல் போட்டு, தண்ணீரை மூலைமுடுக்கெல்லாம் தள்ளிவிட்டார். முதலில் இடம் காட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண், பிறகு கல்லில் உட்கார்ந்து பார்த்தார். நாங்கள் 3.40 பஸ்சில் திரும்பினோம்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் முதல் செப்டெம்பர் வரை போகலாம். கடை கிடையாது, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். பாதையில் தண்ணீர் நின்றால் தாண்டிப் போங்கள். எந்தத் தகட்டையும் தொடாதீர்கள்.

நேர்முகத்தில் இவரிடம் இந்நாட்டுச் சரித்திரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மனிதர் மனப்பாடம் செய்ததையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கதையை முழுதாகச் சொல்லியிருக்கிறார்.

"ஆரும் தங்கட பிழையைத் தாங்களே கொண்டுபோய்க் குடுப்பினமோ?" என்று கத்தினேன்.

"ஓம், கேட்டவை, சொன்னனான்" என்றார்.

நகரசபையின் பதில் இன்னும் வரவில்லை. சென்ற வாரம் வந்தது வேறொரு கடிதம், மலையிலிருந்து: ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை வாய்க்கால் துப்புரவு, காலை எட்டு மணி, மண்வெட்டி அங்கே தரப்படும். கீழே அந்த ஊர் முறைக்காரக் குடும்பங்களின் பதினேழு பெயர்கள். பதினெட்டாவதாக, கையால் எழுதிச் சேர்த்த இவர் பெயர்.

தபால் பெட்டியை இவர் இன்னமும் தினமும் திறந்து பார்க்கிறார். றப்பர் பூட்ஸ் மட்டும் வாங்கியாகிவிட்டது.