மூன்று பேருக்குக் கொடுத்த வாக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிக்கிற நேரம் இங்கிலாந்தில் மத்தியானம் கழிந்துவிடும். என் தங்கை சமையலை ஒதுக்கிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு எனக்குத் தொலைபேசி எடுப்பாள். நாங்கள் கடலுக்கு இந்தப் பக்கம், பிரெஞ்சு பேசுகிற லாசாலில், இந்த மாடிக் கட்டிடத்துக்கு வந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அவள் இருப்பது லண்டனுக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தில். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்த்து, சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கணவருக்குச் சந்தியில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது.

போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு, வழக்கமான கதைகள் எதுவும் இல்லாமல், "அக்கா, எனக்கு ஒரு திருவுளச்சீட்டுப் போட்டுப் பாக்கிறியளோ?" என்று கேட்டாள்.

முடிவு தெரியாமல் நிற்கிற காரியத்துக்கு, சுவாமிக்கு முன்னால் சீட்டுகளை மடித்துப் போட்டு ஒன்றை எடுப்பதுதான் திருவுளச்சீட்டு. மகளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களுக்குப் போட்டேன். இந்த வீட்டை எடுப்பதா, நோத்ர-டாம்-த-கிரேசில் பார்த்த வீட்டை எடுப்பதா என்பதற்கும் போட்டேன். அதனால் அவளுக்கும் வீட்டுப் பிரச்சினை ஏதோ என்று நினைத்தேன்.

"எலெக்சனுக்கு அக்கா," என்றாள்.

அவர்களுடைய உள்ளூர்ச் சபைக்குத் தேர்தல் வருகிறதாம். அங்கே தேர்தல் என்றால் கட்சிக்காரர்கள் வீடு வீடாக வந்து கதவைத் தட்டி, உங்கள் வாக்கை எங்களுக்குத் தருவீர்களா என்று நேரிலேயே கேட்பார்களாம். என் தங்கையிடம் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவள் மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டாள்.

முதலில் வந்தவர் ஒரு கிழவர். மழை. முழங்கால் நோவோடு படியில் நின்றவரை உள்ளே கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். வயதானவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வீட்டில் கொஞ்சம் கூடுதலான நேரம் நிற்கக் கிடைக்க வேண்டும், தங்கள் கட்சி அதற்குத்தான் நிற்கிறது என்று அவர் விளக்கியிருக்கிறார். அவளுக்கு அது பிடித்துவிட்டது. அவள் நாள் முழுக்க ஓடுவது அந்த நேரத்தோடுதானே.

இரண்டாவது ஆள் ஒரு இளம் வெள்ளைக்காரர். கடை வாசலில் கைகூப்பி, "வணக்கம்" என்றிருக்கிறார். கடைக்கு முன்னால் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று அந்தக் கட்சி சொல்வதால் தங்கையின் கணவருக்கு அவர்தான் ஆள்.

மூன்றாவது, அடுத்த வீட்டு வெள்ளைக்கார அம்மா. அவ யாருக்கும் வாக்குக் கேட்டு வரவில்லை, தானே நிற்கிறா. யாரும் பெரிதாகக் கேள்விப்படாத ஒரு சின்னக் கட்சி. தெருவில் மரம் வெட்டக் கூடாது என்பதுதான் அவவின் பெரிய கதை. தங்கை குடும்பம் ஊருக்குப் போன மாதம் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டதும், குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்து வைத்ததும் அந்த அம்மாதான்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் பாக்கப் போற சனத்திட்டை நாளைக்கு வாறன் எண்டு சொன்னால் வந்திடுவன் அக்கா. சொல்லிப்போட்டு விட்டால் அதுகள் கதவைப் பாத்துக்கொண்டு இருக்குங்கள். வாக்கு எண்டால் எனக்கு அதுதான். மூண்டில எதைக் காப்பாத்துறது எண்டு சுவாமிதான் சொல்லவேணும்."

அவளுடைய கணவர் பக்கத்தில் இருந்து ஏதோ சொல்வது கேட்டது. இதென்ன கோயில் நேர்த்தியா, அவர்கள் தெருத்தெருவாக எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு போகிறவர்கள், உன்னை யார் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்பது அவர் கதை. பிறகு தொலைபேசிக்குக் கிட்ட வந்து எனக்கும் கேட்கட்டும் என்று சொன்னார்: "மூண்டு பேருக்கும் குடுத்தாச்செண்டால் ஒருத்தருக்கும் போடாமல் வீட்டிலை இரப்பா. கணக்குச் சரி."

அதையும்தான் யோசித்தேன் என்று அவள் மெல்லச் சொன்னாள். ஊரில், யுத்த நாட்களில், நாங்கள் இளம் பெண்களாக இருந்த காலத்தில் வாக்குச்சீட்டில் புள்ளடி போடப் போகிற நாளில் வீட்டை விட்டு வெளிக்கிடவே பயம். சில தேர்தல்களுக்கு ஒருவருமே போகவில்லை. இங்கிலாந்துக்குப் போனபின் அவள் ஒரு தேர்தலையும் விட்டதில்லை. வேலைக்குப் போகிற உடுப்போடு போய்ப் போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படிப்பட்டவள் வீட்டில் இருந்துவிடலாமா என்று யோசித்தது என் சிரிப்பை நிறுத்தியது. செவ்வாய்க்கிழமை நல்ல நாள், அன்றைக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். வியாழக்கிழமை தேர்தல்.

எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் கட்டிடத்தில் கீழ்க்கதவு எப்போதும் பூட்டு. தேர்தல் காலத்தில் யாராவது கீழே நின்று மணி அடித்து, "பொன்ஜூர்" என்று பிரெஞ்சில் தொடங்கினால், நான் மேலே இருந்தபடியே கதவுப் பேசியில் "மெர்சி" என்று நன்றி சொல்லிப் பொத்தானில் இருந்து கையை எடுத்துவிடுவேன். என் வாக்கு என்னிடமே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து தலைக்கு வார்த்து, கோயில் கலண்டரின் பழைய தாள் ஒன்றை மூன்றாக வெட்டினேன். என் கணவர் கதிரையில் இருந்தபடி, "இஞ்சரப்பா, லாசால் பிள்ளையாருக்கு இங்கிலாந்திலை வோட்டு இருக்கோ?" என்று கேட்டார். பிள்ளையாரைப் பகிடி பண்ண வேண்டாம் என்றேன். பகிடி பண்ணவில்லை, அவருக்கும் தெரியாத ஊர்க்காரியத்தில் அவரை மாட்டிவிடுகிறாயே என்றுதான் கேட்கிறேன் என்றார்.

பேனையை எடுத்தபின் எனக்குக் கை ஓடவில்லை. சுவாமியிடம் ஒன்றைக் கேட்டால் நடந்ததை நடந்தபடி வைத்துக் கேட்க வேண்டும். உண்மையில் இவள் ஒவ்வொருவரிடமும் என்ன சொன்னாள் என்பதே எனக்குத் தெரியாது. அங்கே இரவாகியிருந்தாலும் எடுத்துக் கேட்டேன்.

கிழவரிடம் என்ன சொன்னாய் என்றேன். "யெஸ், யெஸ்" என்றாளாம். அவர் தருவாயா என்று கேட்ட பிறகா, அல்லது கதைத்துக்கொண்டிருக்கும்போதா? இரண்டு நேரமும்தான் என்றாள். அவள் இங்கிலீசில் யெஸ் யெஸ் என்றது எங்கள் ஓம் ஓம்தான் என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சுவாமிக்கு முன்னால் ஓம் என்கிறோம். சம்மதம் என்பதற்கும் ஓம். ஒருவர் கதைத்துக்கொண்டு போகும்போது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று காட்டவும் ஓம், ஓம். கிழவருக்கு அவள் சொன்னது கடைசி ஓம். அவர் அதை நடு ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வணக்கம் சொன்னவரிடம்? அவரோடு ஒரு சந்தோசத்தில் தமிழிலேயே கதைத்துவிட்டாளாம். "பாப்பம் தம்பி" என்றிருக்கிறாள். அவருக்கு வணக்கத்தைத் தவிர ஒரு சொல்லும் தெரியாது. தலையாட்டி நன்றி சொல்லிக் கையில் இருந்த தாளில் ஏதோ கீறிக்கொண்டு போனாராம். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

"அந்த அம்மாவிட்டை?"

அந்த அம்மா கேட்கவே இல்லையாம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தனக்குக் கையளவு வாக்குத்தான் விழும் என்று சொல்லிச் சிரித்தாவாம். இவள் தானாகவே அவவின் கையைப் பிடித்து, என் வாக்கு உங்களுக்குத்தான் என்று சொன்னாளாம்.

பேனையை வைத்துவிட்டேன். "தங்கச்சி, நீ மூண்டு பேருக்குக் குடுக்கேல்லை. ஒரு ஆளுக்குத்தான் குடுத்தனி. குடுத்ததைப் பற்றிச் சுவாமியிட்டைச் சீட்டுப் போட்டுக் கேக்க நான் மாட்டன். தெரியாததைத்தான் கேக்கலாம்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மாவுக்குப் போட்டால் அது எங்கேயும் போய்ச் சேராது அக்கா என்றாள். அவள் பார்க்கிற ஒரு கிழவி, இவள் கோட்டைப் போடத் தொடங்கும்போதே இன்னும் கொஞ்சம் இரு என்று கையைப் பிடிக்குமாம். இருக்க இவளுக்கு நேரம் தரப்படுவதில்லை. கிழவரின் கட்சிக்குப் போட வேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது, வாய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது.

"அப்ப நீங்கள் போட்டுப் பாக்கமாட்டியள்."

மாட்டேன் என்றேன். சரி, வையுங்கோ என்று வைத்துவிட்டாள். வெட்டின மூன்று தாளும் வெறுமையாகவே விபூதித் தட்டுக்குக் கீழே கிடந்தன. நான் அன்றைக்குத் தேவாரத்தை இரண்டு தரம் பாடினேன். அவளுக்கு ஒரு வழி காட்டு, அவளுடைய சொல்லும் கெட வேண்டாம், மனமும் கெட வேண்டாம் என்று மட்டும் கேட்டேன்.

வியாழக்கிழமை வேலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதெல்லாம் அவள் போனாளோ, வீட்டில் இருந்துவிட்டாளோ என்ற நினைப்புத்தான். பஸ்ஸால் இறங்கி டெப்பனர் கடையில் பால் வாங்கிக்கொண்டு நிற்கும்போது தொலைபேசி அடித்தது. வாசலில் நின்றே கதைத்தேன்.

விடிய, வேலைக்குப் போக முன், அந்த அம்மாவின் கதவைத் தட்டினாளாம். நான் உங்களுக்கு ஒரு சொல் தந்தேன், அதைத் திருப்பித் தாருங்கள், எனக்கு வேறு ஆளுக்குப் போட வேண்டியிருக்கிறது என்று, தெரிந்த இங்கிலீசில் நிலத்தைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாவாம். இந்தத் தெரு முழுக்க எனக்குத்தான் போடுவதாகச் சொல்லியிருக்கிறது, அவ்வளவு பேரும் போட்டால் நான் பிரதமராகிவிடுவேன், மாட்டேன் என்று வந்து சொன்னது நீ ஒருத்திதான் என்றாவாம். பிறகு சிரிப்பை நிறுத்தி, போ பிள்ளை, உனக்குச் சரியென்று பட்டதற்குப் போடு, நான் உன் வாக்கைத் திருப்பித் தந்துவிட்டேன் என்று அவளுடைய கையைப் பிடித்துச் சொன்னாவாம்.

"போட்டியோ?" என்றேன்.

"போட்டன் அக்கா. ஆனா அங்கை போய்ப் பென்சிலை எடுத்தால், அவ திருப்பித் தந்திட்டா எண்ட பிறகு, எனக்கு அவவுக்கே போடவேணும் போலக் கிடந்துது."

பிறகு யாருக்குத்தான் போட்டாய் என்று கேட்டேன்.

"அது சொல்லமாட்டன். இவருக்கும் சொல்லேல்லை."

சொல்லவில்லை, நானும் திருப்பிக் கேட்கவில்லை. மரம் வெட்டக் கூடாது என்ற அந்த அம்மா தோற்றுப்போனா. யார் வென்றார்கள் என்று அடுத்த ஞாயிறு தங்கை சொன்னாள். அவள் குரலை வைத்து ஒன்றும் பிடிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் எங்கள் கோயில் திருவிழா முடிந்து விபூதிப் பிரசாதம் அனுப்புகிறேன் என்று சொன்னபோது, "மூண்டாக் கட்டி அனுப்புங்கோ. எனக்கு ஒண்டு, இவருக்கு ஒண்டு, பக்கத்து வீட்டம்மாவுக்கும் ஒண்டு" என்றாள். அவவுக்கு அது என்னவென்று தெரியுமா என்றேன். தான் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னாள். தட்டுக்குக் கீழே கிடந்த மூன்று தாளையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி விபூதி வைத்து மடித்தேன்.