மூன்று துறைகள் சேர்ந்து தேடிய சிறுமி

சில வருடங்களுக்கு முன், செங்கல்பட்டில் ஒப்பந்த வேலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். கூடுவாஞ்சேரியிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய்வருவேன். பள்ளி மருத்துவப் பரிசோதனை, அரசு மருத்துவமனை, அங்கன்வாடி மூன்றுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் பதிவுகள். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாது. அவற்றை இணைக்கச் சொல்லி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதுதான் என் வேலை.

யாரும் லேசில் சம்மதிக்கவில்லை. குடும்ப விவரம் தவறான கைக்குப் போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். கடைசியில், சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளின் குடும்ப விவரத்தை மட்டும், பொறுப்பானவர்கள் மட்டுமே பார்க்கும்படி இணைத்தோம்.

வெள்ளோட்டத்தின்போதே ஒரு சிறுமியின் பெயர் திரையில் வந்தது. மதுராந்தகம் பக்கத்துப் பள்ளியில் பரிசோதித்த டாக்டர், இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று அனுப்பியிருந்தார். மருத்துவமனை ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்திருந்தது. அதற்குள் குடும்பம் ஊர் மாறிவிட்டது. போனும் கிடைக்கவில்லை. 'முகவரியில் இல்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஆனால் அதே தாய் தகப்பன் பெயரில் ஒரு கைக்குழந்தை, கேளம்பாக்கம் பக்கத்து அங்கன்வாடியில் புதிதாகப் பதிவாகியிருந்தது.

வேறு குடும்பமாகவும் இருக்கலாம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கன்வாடி டீச்சருக்குப் போன் செய்தேன். "அந்தக் கொயந்தைக்கு ஒரு அக்கா கீது மேடம். ரெண்டு அடி ஓடுனா மூச்சு வாங்கி குந்திக்கும்" என்றார்.

மறுநாள் டீச்சரும் நானும் போனோம். கட்டி முடியாத அடுக்குமாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை. காலி பண்ணச் சொல்ல வந்திருக்கிறோம் என்று நினைத்து, சிறுமியின் அப்பா சரியாக முகம் கொடுக்கவில்லை. ஆபரேஷன் என்றதும் அம்மாதான் முன்னால் வந்தாள்.

"தேதிய வுட்டுட்டோமே, இனிமே சேத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேம்மா."

அங்கிருந்தே மருத்துவமனை அதிகாரியை அழைத்தேன். கூட்டங்களில் என்னோடு அதிகம் வாதாடியவர் அவர்தான். கடிதம் அனுப்புங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க அங்கயே இருங்கம்மா. வண்டி அனுப்புறேன், கையோட கூட்டினு வாங்க" என்றார்.

சென்னையில் ஆபரேஷன் நடந்த அன்று, பள்ளியில் அவளைப் பரிசோதித்த டாக்டர், அங்கன்வாடி டீச்சர், அந்த அதிகாரி எல்லோரும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றில் இருப்பது மற்றதற்குத் தெரியாத மூன்று துறைகளின் ஆட்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் வந்து சொன்னதும், அந்தத் தாய் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இப்போது அவர்கள் மாமல்லபுரம் பக்கம் இருக்கிறார்கள். போன கையோடு, அந்தத் தாயே அங்கன்வாடிக்குப் போய்ப் புது முகவரியைச் சொல்லியிருக்கிறாள்.

என் வேலை இன்னும் ஒப்பந்த வேலைதான். ஆனாலும், பிழைப்புக்காக ஊர் ஊராய்ப் போன ஒரு குடும்பத்தை அரசாங்கமே தேடிப் போனதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்ற பெருமை, இன்றும் என்னைத் தலைநிமிர்ந்து அலுவலகத்துக்குள் நுழைய வைக்கிறது.