பெஞ்சில் நாற்பது நிமிடம்

காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குத் தெர்மாமீட்டரை உதறி என் மகளின் வாயில் வைத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் அப்போது நான்தான் நர்ஸ். பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம். டாக்டர் வாரம் ஒரு நாள் வருவதோடு சரி, கம்பவுண்டரை நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் நூறைத் தொட்டால்தான் லீவுச் சீட்டு என்று மேனேஜர் உத்தரவு போட்டிருந்தார். உத்தரவு வந்த வாரமே அதற்கு வழியும் பிறந்துவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பிளாஸ்கிலிருந்து கொதிக்கக் கொதிக்க டீயை வாயில் ஊற்றி, கொஞ்ச நேரம் அடக்கி வைத்திருந்துவிட்டு என் முன்னால் வந்து நிற்பார்கள். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டும். நானும் விவரமானேன். வாயில் டீ வாசம் வந்தால் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சாவகாசமாக மறுபடி பார்ப்பேன். இந்தக் கதையை வீட்டில் சாப்பிடும்போது சொல்லி, மகளோடு சேர்ந்து சிரித்தும் இருக்கிறேன்.

அவள் அப்போது பிளஸ் ஒன். அன்று கணக்குப் பரீட்சை. பஸ்ஸுக்குப் போனவள், வயிறு வலிக்கிறது என்று பாதியில் திரும்பி டிஸ்பென்சரிக்கு வந்தாள். தெர்மாமீட்டர் நூறைத் தாண்டியது. அவள் வாயிலும் டீ வாசம்.

"கணக்குப் பரீட்சைன்னா இப்படித்தான் காய்ச்சல் வரும், கண்ணு."

"நெசமா வலிக்குதும்மா."

வலி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பெஞ்சைக் காட்டினேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாடி பிடிக்கவில்லை. வேறு யாராவது வந்திருந்தால் பார்த்திருப்பேனா என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த வாரங்களில் பார்த்திருக்க மாட்டேன். பொய்யைப் பிடிப்பதே என் வேலை என்று ஆகிவிட்டிருந்தது.

ஒன்பது ஐம்பதுக்குப் பெஞ்சில் இருந்த மூன்று பெண்களில் ஒருத்தி எழுந்து வந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை என்னிடம் மாட்டியவள்.

"நர்சம்மா, டீயை வாயில வெச்சுட்டு வந்தவ நானுங்க. என்னைய வேணாத் திட்டுங்க. புள்ளையப் பாருங்க. வலது காலை நீட்டவே மாட்டேங்குது."

திரும்பிப் பார்த்தேன். என் மகள் காலை மடக்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். படுக்க வைத்து, வலது அடிவயிற்றில் மெல்ல அழுத்திக் கையைச் சட்டென்று எடுத்தேன். அலறினாள். நாடி நூற்றிருபது ஓடியது. குடல்வால் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஃபேக்டரி ஜீப்பை எடுக்க, தொழிலாளியின் நம்பரைச் சீட்டில் எழுத வேண்டும். விலை சரிந்ததிலிருந்து நர்ஸ் குடும்பத்துக்கு ஜீப் கிடையாது.

"என் நம்பரப் போடுங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "நானும் ஏறிப் படுத்துக்கறேன். வவுத்து வலின்னு சொல்லிக்கலாம்."

"தெரிஞ்சா உனக்கு வேலை போயிரும்."

"புடிச்சாத்தானுங்களே போகும்? உங்களைத் தவிர இங்க யாரு புடிக்கறாங்க?"

அவள் நம்பரில் முதல் இலக்கத்தை எழுதியும்விட்டேன். பிறகு அடித்தேன். அவள் வேலையை வைத்து என் தவறை மூட எனக்கு உரிமை இல்லை. மகளின் பெயரையே எழுதினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தில், ஒன்பது பத்துக்கு வலி மாத்திரை கொடுத்ததையும், பரிசோதிக்காமல் கொடுத்ததையும், நாற்பது நிமிடத் தாமதம் என்னால் என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெஞ்சில் இருந்த மூன்று பெண்களையும் தொட்டுப் பார்த்து, அவசரம் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மருந்து அலமாரியைப் பூட்டினேன்.

டிரைவர் சீட்டைப் பார்த்தார். "நம்பர் இல்லீங்களே?"

"இல்ல. மேனேஜர் கேட்டா நர்ஸ் எடுக்கச் சொன்னாங்கன்னு சொல்லுங்க."

"ஏறுங்க. அவரு கேக்கறப்பப் பாத்துக்கலாம்."

பாதி வழியில் மகள், "இப்பப் பரவால்லம்மா, திரும்பிப் போயிரலாமா?" என்றாள். மாத்திரை வலியை மறைக்கிறது, நோயை அல்ல என்று தெரிந்து, டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

கோத்தகிரியில் சர்ஜன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மாத்திரை விஷயத்தை எழுதினீங்களே, நல்லதாப் போச்சு. இல்லாட்டி வலி குறைஞ்சிருக்குதுன்னு நாளைக்கு வரைக்கும் பாத்திருப்பேன்." மதியமே அறுவை நடந்தது. குடல்வால் வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை.

பிறகு நம்பர் இல்லாமல் ஜீப் எடுத்ததற்கு விளக்கம் கேட்டு மேனேஜரிடமிருந்து மெமோ வந்தது. நடந்ததையெல்லாம் சொல்லி, தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து இனி யாருக்கும் சீட்டு கொடுக்கவோ மறுக்கவோ மாட்டேன் என்று பதில் எழுதினேன். வேலை போகவில்லை. போயிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். ஆனால் இன்றும் கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில் தலைவலி என்று சொன்னால் போதும், ஒன்பது கேள்வியாவது கேட்காமல் வைப்பதில்லை.

அறுவை நடந்த அன்று சாயங்காலம், மகள் மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தபோது, வார்டு வாசலில் அந்தப் பெண் வந்து நின்றாள். வேலை முடிந்து, கொழுந்துக் கறை போகாத கையோடு பஸ் ஏறியிருக்கிறாள். கட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து நீட்டினாள்.

"புள்ளைக்கு இல்லீங்க, உங்களுக்கு. காலைல இருந்து ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டீங்க. வாயில அடக்கி வெக்காம முழுங்கிருங்க."