முந்திச் சொன்ன சாட்சி

போன மாதம் நம் சபையில் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். வாடகைக்கு அறை தேடினேன், ஜெபித்தேன், மறுநாளே கர்த்தர் கொடுத்தார் என்றேன். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி தப்பு. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்தில் பி.காம். கடைசி வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் வாலாஜாபாத்தைத் தாண்டி உள்ளே. மாலை வகுப்பு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும். கல்லூரி விடுதியில் இடமில்லை. நெசவாளர் தெரு ஒன்றில் மாடி அறையில் தனியாக இருந்தேன். மகள் பிரசவத்துக்கு வருகிறாள், பத்து நாளில் காலி செய் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பரீட்சை நேரம் வேறு. ஏறி இறங்கிய வீடுகளில் எல்லாம் தனியாக வரும் பெண்ணுக்குக் கொடுப்பதில்லை என்றார்கள். படிப்பை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று அழுதேன். "ஆண்டவரே, ஒரு கதவையாவது திறந்தருளும்" என்று முழங்காலில் நின்றேன்.

மறுநாள் காலை ஒரு புரோக்கர் போன் செய்தார். அறை வேண்டும் என்று என் நம்பரை ஜெராக்ஸ் கடையில் எழுதி வைத்திருந்தேன். பெண்கள் மட்டும் இருக்கிற வீடு, அட்வான்ஸ் வேண்டாம், திங்கட்கிழமை காலையில் ஆட்டோவோடு வருகிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சியும் சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் மறுபடி பேசினார். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எடுத்து வைக்கச் சொன்னார். யாராவது கேட்டால் தன்னை மாமா என்று சொல்லும்படியும் சொன்னார். மனம் சுருக்கென்றது. ஆனால் சபை முன்னால் சாட்சி சொல்லியாகிவிட்டதே. இப்போது பயந்தால் அது அவிசுவாசம் ஆகாதா? ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. "உமக்குச் சித்தமில்லை என்றால் தடுத்துவிடும்" என்று அரைமனதாய் ஜெபித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பெட்டியோடு கீழே இறங்கினால் தெருவே அடைத்திருந்தது. பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார் எதிர்வீட்டு சரோஜா அக்கா. அதுவரை அவரிடம் நான் பேசியதே இல்லை. ஆட்டோ தெருமுனையில் நின்றுவிட்டது. புரோக்கர் நடந்து வந்து, என் பெட்டியை வாங்குவதற்காகப் பாவைக் கையால் தூக்கி அதன் அடியில் குனிந்தார். அடுத்தவர் பாவில் இப்படிக் கைவைக்க இங்கே யாருக்கும் மனம் வராது.

"யாருப்பா நீ?" என்றார் அக்கா.

"பொண்ணோட மாமா."

அக்கா என் பக்கம் திரும்பினார். "உங்க மாமாவாம்மா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முந்தின நாள் கர்த்தரைப் பற்றிப் பேசிய வாயில் பொய் வரவில்லை. "தெரியாதுக்கா" என்றேன்.

"தெரியாதவங்ககூட பெட்டிய தூக்கிக்கினு எங்கம்மா போற?"

அப்போதுதான் உறைத்தது. எந்தத் தெரு, எந்த வீடு என்று நான் கேட்கவே இல்லை. கர்த்தர் கொடுத்ததாயிற்றே, கேட்கத் தோன்றவில்லை. அக்கா அவரிடமே கேட்டார். அவர் ஒரு தெருவின் பெயரைச் சொன்னார். பாவின் மறுமுனையில் நின்ற அக்காவின் கணவர், "நான் பொறந்து வளர்ந்த தெரு அது, யார் வீடு?" என்றார். ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போன புரோக்கர் திரும்பவே இல்லை. போனும் அன்றோடு ஸ்விட்ச் ஆஃப்.

அவர் கெட்டவரா, கூட்டத்தைக் கண்டு மிரண்ட வெறும் புரோக்கரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எதிலிருந்து தப்பினேன் என்றே தெரியாமல் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பாவை சனிக்கிழமை நீட்டியிருக்க வேண்டியதாம், மழையால் தள்ளிப்போனதாம். அந்த மழையில் துணி காயவில்லை என்று நான் கர்த்தரிடம் முணுமுணுத்திருந்தேன். அம்மன் காப்பாற்றினாள் என்கிறார் சரோஜா அக்கா. நான் மறுத்துப் பேசவில்லை. என் ஆண்டவர் அனுப்பிய ஆள் அவர்தான் என்று எனக்குத் தெரியும்.

மதியமே அக்கா தன் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே நர்சிங் படிக்கும் பெண்கள் இரண்டு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். அம்மாவை வரவழைத்துக் காட்டிய பிறகுதான் பெட்டியை இறக்கினேன்.

இப்போதும் ஜெபிக்கிறேன், முன்பைவிட அதிகமாக. நாலு கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு என்று மட்டும் இனி நினைக்க மாட்டேன். அறை தேடும் தங்கைகள் என்னைக் கூப்பிடுங்கள். கர்த்தரை நம்புங்கள், அவர் கைவிட மாட்டார். ஜெபம் பண்ணிவிட்டு இரண்டு பேருமாகப் போய் வீட்டைப் பார்ப்போம். சாட்சியை அதற்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.