இரண்டாவது பொட்டலம்

பெருமாள்சாமி அண்ணாச்சி போய்விட்டார் என்று போன் வந்தபோது மல்லாங்கிணற்றில் மிளகாய் வத்தல் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதி லாரியை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருந்தவர். நம் ஊர் மாரியம்மன் கோவில் கமிட்டியில் பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

மாலையோடு போய் நின்றால், பந்தலில் நம் கோவில்காரர் ஒருவரே சொல்கிறார்: "சாமியவே சோதிச்ச நாத்திகன். ஆத்தா சும்மா விடுமா?" அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அண்ணாச்சிக்கு வயது எழுபத்துநான்கு. சர்க்கரை முற்றியும் கேசரியை விடவில்லை. அவர் பொட்டலத்தைப் பிரித்து ஒன்பது வருடம் ஆகிறது. ஆத்தா அவ்வளவு மெதுவாகவா வேலை பார்ப்பாள்?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் தங்கை பாக்கியம் புருசனை இழந்தவள். பங்குனித் திருவிழாவில் முளைப்பாரி எடுக்க ஆசைப்பட்டாள். தாலி இல்லாதவள் எடுக்கக் கூடாது என்றார்கள். கடைசியில் அம்மனிடமே பூக்கட்டிக் கேட்பதென்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்பு ஒரு இலையில். பூசாரி மடித்து, இரண்டு பொட்டலமாக அம்மன் முன்னால் போடுவார்; ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. அண்ணன்காரன் என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு. கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். அடிமூட்டைவரை கையை விட்டுப் பார்க்காமல் ஒரு லோடு இறக்காதவன் நான். கோவிலில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

அண்ணாச்சிதான் கேட்டார். "இன்னொன்னையும் பிரிங்கய்யா."

"சாமி குத்தம் வந்துரும்," என்றார் பூசாரி.

"ஆத்தாகிட்டதான கேக்குறேன், அடுத்த வீட்டுலயா?"

அவரே குனிந்து பிரித்தார். அதிலும் சிவப்பு.

கை தவறிவிட்டது என்றார் பூசாரி. அண்ணாச்சி எல்லோர் கண்முன்னாலும் ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைத்து மடித்தார், குலுக்கிப் போட்டார். மறுபடி நான் எடுத்தேன். சிவப்புதான் வந்தது.

கூட்டம் சிரித்தது. பாக்கியம் அழுதுகொண்டே கேட்டாள், "இதுக்கா அண்ணாச்சி பிரிச்சீக?"

"இது ஆத்தா சொன்னது தாயி, ஒத்துக்கிறேன். முன்னால வந்தது இவுக சொன்னது. அடுத்த வருசம் திரும்பக் கேப்போம்."

கேட்டார். மூன்றாம் வருடம் வெள்ளை வந்தது. பாக்கியம் முளைப்பாரி எடுத்தாள்.

அவரையா நாத்திகர் என்கிறீர்கள்? பங்குனி பிறந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு, கொதிக்கிற ரோட்டில் கடைக்கு நடந்தவர். உங்களில் எத்தனை பேர் நடந்தீர்கள்? நானும் நடந்ததில்லை. இத்தனை பக்தியில் இத்தனை சந்தேகம் எதற்கு என்று ஒருமுறை அவரிடமே கேட்டேன். "நம்பாதவனுக்குக் கேக்க என்னய்யா இருக்கு? அவன் பாட்டுக்குப் போயிருவான். நம்புறவன்தான் கேட்டுக்கிட்டே கெடப்பான்," என்றார்.

இந்த வருடம் புருசனை இழந்த இன்னொரு பெண் முளைப்பாரி எடுக்கக் கேட்டிருக்கிறாள். பாக்கியத்துக்குக் கிடைத்த உத்தரவு பாக்கியத்தோடு சரி என்கிறார்கள். பழையபடி ஒரு பொட்டலம் பிரித்தால் போதும் என்றும் கமிட்டியில் பேச்சு.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தைதான்: "இன்னொன்னையும் பிரிங்கய்யா." அந்தப் பெண்ணுக்குப் பூக்கட்டிக் கேட்கிற அன்றைக்கு அவர் இடத்தில் நான் உட்காருவேன். எந்தப் பூ வந்தாலும் சரி, இரண்டாவதைப் பிரிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். ஆத்தாவை நம்புகிறவர்கள் யாரும் என் கையைப் பிடிக்க மாட்டார்கள்.