அழகர் கழற்றி மாட்டிய சட்டை

சுந்தரம்மாள் வேலை பார்க்கும் கடை திண்டுக்கல் பழனி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஊரார் கொடுக்கும் பழைய துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு விற்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் சித்தையன்கோட்டைப் பக்கம் குடிகாரர்களுக்கான மறுவாழ்வு இல்லம் நடக்கிறது. பட்டன் தைப்பது அவள் வேலை. "துணி கிழிஞ்சாலும் ஒங்க பட்டன் நிக்கும்க்கா" என்று கடையைப் பார்த்துக்கொள்ளும் வினோலியா கேலி செய்வாள்.

சேர்ந்த புதிதில் சுந்தரம்மாளும் வீட்டிலிருந்து ஒரு சட்டை கொண்டுவந்து கொடுத்தாள். நீலக் கட்டம். புருஷன் அழகருக்கு ஒரு தீபாவளிக்கு எடுத்தது. புதுத்துணிக்கு மஞ்சள் வைப்போம் அல்லவா, அது காலருக்குள் கறையாகவே நின்றுவிட்டது. அன்று அழகர் அவள் தலையில் அடித்து, "இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு சொட்டுக் குடிக்க மாட்டேன் புள்ள" என்று சத்தியம் செய்தார். மனுஷன் சத்தியத்தை மீறவே இல்லை. குடிக்கப் போகும்போதெல்லாம் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பழசைப் போட்டுக்கொண்டு போனார்! வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கண் முதலில் ஆணிக்குத்தான் போகும். ஈரல் கெட்டு அவர் செத்த அன்றும் சட்டை அங்கேதான் தொங்கியது. மற்ற துணியெல்லாம் பாடையோடு போயின. பிராந்தி வாடையே படாத இதை எரிக்க மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. பிறகு வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை.

மகன் முகேஷ்குமாரும் குடியில் விழுந்து, அந்த இல்லத்தில்தான் தெளிந்தான். அங்கிருந்து வெளியேறுகிறவர்கள் கடைத் துணியில் ஒரு சட்டை எடுத்துக்கொள்ளலாம். அவன் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றபோது சுந்தரம்மாளுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அழகரே நிற்கிறார். அதே நீலக் கட்டம், அதே தோள்.

அவன் அதைக் கழற்றவே இல்லை. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டு வேலைக்கு அதோடு போனான்; அதோடே தூங்கினான். செத்தவர்தான் பிள்ளையின் முதுகில் ஏறிக்கொண்டார் என்று அவள் பயந்தாள். அவன் சோறு பிசையும்போது, அது யார் கை என்று உற்றுப் பார்ப்பாள்.

ஒரு சாயங்காலம் அவளுக்குப் பொறுக்க முடியவில்லை.

"ஏலே, அதக் கழட்டு. தொவச்சுத் தாரேன்."

"மாட்டேன்மா."

"அது ஒங்கப்பா சட்டைடா!"

"தெரியும். காலர்ல மஞ்சளப் பாத்துத்தான் எடுத்தேன்." அவன் ஆணியைப் பார்த்தான். "அவரு கழட்டிட்டுத்தான போவாரு? நான் கழட்டலைன்னா போக மாட்டேன்ல."

இத்தனை வருஷமும் தான் மட்டுமே அந்த ஆணியைப் பார்த்ததாக நினைத்திருந்தாள். பிள்ளையும் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறான். பாவி எனக்கு இது உறைக்கவே இல்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுலயே கை பட்டனுக்குப் போயிருச்சும்மா. ரெண்ட அவுத்துட்டேன். அப்படியே ஓடியாந்தேன்."

இப்போதும் அவன் விரல்கள் மூன்றாவது பட்டனைத் திருகிக்கொண்டிருந்தன.

உடம்பில் கிடக்கும் துணியைத் தைத்தால் ஆகாது என்று அவளே எத்தனையோ பேரை அதட்டியிருக்கிறாள். ஊசியில் இரட்டை நூல் கோத்தாள். அவன் கையை விலக்கிவிட்டு, காலரிலிருந்து கீழ்வரை சட்டையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்தாள். அழுதுகொண்டே தைத்தாள். அவன் அசையாமல் நின்றான். நூலைக் கடிக்கக் குனிந்தபோது வேர்வை வாடையும் மல்லிகை வாசமும்தான் அடித்தன.

"நாளைக்கும்மா?"

"நாளைக்கும் தைக்கிறேன்யா" என்றாள்.