ஊதாதேங்கோ அண்ணை

பெருவிரல் நீளத்தில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். பொலிஸ்காரர் அதன் மெல்லிய உறையைக் கிழித்த சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது. கையடக்கமான ஒரு கருவியில் அதைச் செருகி, கார் யன்னலுக்குள் நீட்டி, ஊதுங்கள் சேர் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சாரதி இருக்கையில் இருந்த அண்ணை அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேனோ அதைத்தான் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணை என் கூடப்பிறந்தவரல்லர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவில், மல்வேர்னில் இரண்டு அறை அப்பார்ட்மென்ட் ஒன்றில் ஐந்து பேர் இருந்தோம், அவர்தான் மூத்தவர். அவருடைய மனைவியும் ஏழு வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்கள். அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடத்துக்கு மூன்று பேரின் பெயரையும் போட்டு விண்ணப்பித்திருந்தார். அந்தக் கடிதம் வந்தால் அவர்கள் விமானம் ஏறலாம். அது வராத ஒவ்வொரு கிழமையும் அங்கே பொலிஸ் சுற்றிவளைப்பும் கதவுத் தட்டலும்தான். அவர்களோடு பேசித் தொலைபேசியை வைத்ததும் அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார். வெளியே வர வெகு நேரமாகும்.

எனக்கு அந்த வீட்டில் 'லோயர்' என்று பட்டம். கொழும்பில் ஒரு சட்டத்தரணியிடம் எட்டு மாதம் தட்டச்சு செய்தவன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தவன், அவ்வளவுதான் என் தகுதி. படிவம் நிரப்புவதும் வீட்டுக்காரனோடு வாதாடுவதும் என் வேலை. கேலியாக வைத்த பட்டத்தை நானே நம்பத் தொடங்கியிருந்தேன். வாய்க்கொழுப்பும் அதற்கேற்றபடி இருந்தது.

அன்று மார்கழி மாதத்துச் சனிக்கிழமை. வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் தெரிந்தவர்களின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. எங்கள் கொண்டாட்டங்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே ஆரத்தி நடக்கும். ஆண்களில் பாதிப்பேர் வெளியே கார்த் தரிப்பிடத்தில் நிற்பார்கள். யாராவது ஒருவரின் கார் டிக்கி திறந்திருக்கும். உள்ளே போத்தல், சோடா, பிளாஸ்டிக் கோப்பைகள், ஒரு பை மிக்சர். யார் காரோட்டி வந்தவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அண்ணை ஒரு கோப்பை எடுத்தார், அதிலும் பாதி சோடா. இரண்டாவதை நீட்டியபோது, "காணும் தம்பி. மனுசி வரப்போறா. இனி உதுகளைக் குறைக்கவேணும்" என்றார். அந்தக் கிழமைதான் மனைவிக்கும் மகளுக்கும் குடிவரவுக்கான கடைசி மெடிக்கல் முடிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு நாலு மணிபோலப் புறப்பட்டோம். வெளிச்சம் அதற்குள் மங்கிவிட்டது, ஈரப் பனி விழுந்துகொண்டிருந்தது.

மல்வேர்னுக்குத் திரும்பும் சந்திக்குச் சற்று முன்னால் பண்டிகைக் காலக் குடிபோதைச் சோதனை. பொலிஸ்காரர் சிரித்த முகம். மாலை வணக்கம் சொன்னார், குடித்தீர்களா என்று கேட்டார், எல்லாவற்றுக்கும் 'சேர்' போட்டார். எனக்கு அந்த மரியாதைதான் பயத்தைத் தந்தது. ஊரில் சீருடைக்காரன் மரியாதையாகப் பேசினால் அடுத்தது வெற்றுத்தாள் வரும், கையெழுத்துக் கேட்பான். போட்டவன் வீடு திரும்பமாட்டான். பொலிசுக்கு எதையும் கொடுக்காதே, கையெழுத்தோ வார்த்தையோ கொடுக்காதே என்பதைத்தான் அந்த எட்டு மாதமும் நான் கண்டு படித்தது. இங்கே கேட்டது மூச்சு. என் மூளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

"ஊதாதேங்கோ அண்ணை. ஊதினால் அதுதான் சாட்சி. ஊதாட்டி கேஸ் நிக்காது" என்றேன்.

அண்ணை தலையை ஆட்டி மறுத்தார். பொலிஸ்காரரின் சிரிப்பு போய்விட்டது. ஊத மறுப்பதே தனிக் குற்றம், குடித்து ஓட்டியதற்கு உள்ள தண்டனைதான் அதற்கும் என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

"என்னவாமடா?" என்று அண்ணை கேட்டார்.

"சும்மா வெருட்டுறான் அண்ணை."

இரண்டாம் முறையும் கேட்டார்கள். இரண்டாம் முறையும் மறுத்தார். பிறகு அவரை இறக்கி, பின்னால் கைவிலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். அவருடைய தோளில் பனி விழுந்ததை நான் காருக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எவ்வளவு குடித்தவர்? சொன்னேன். பேனையை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு கோப்பைதானே, ஊதியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்" என்றார். தீர்ப்பில் அபராதமும் ஓராண்டு லைசன்ஸ் தடையும் வந்தன. அவற்றை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. அதற்குப் பின்னர் குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நான்தான் அதையும் வாசித்துச் சொன்னேன். குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவரின் கோப்பு நிறுத்தப்படுகிறது. சில ஆண்டுகள் கழிந்து, மன்னிப்புக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே கோப்பு மீண்டும் அசையும்.

அன்று மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். "குடிச்சிட்டுக் கார் ஓடினனான். என்ரை பிழை" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. என் பெயரைச் சொல்லுங்கள் என்று நான் அழுதேன். "நீ இனித்தான் கலியாணம் கட்டவேணும். சனம் உன்னைச் சும்மா விடாது. பேசாமல் இரு" என்றார். நானும் பேசாமல் இருந்தேன். அதிலே எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஏழு ஆண்டுகள் போயின. மனைவி ஒருமுறை சுற்றிவளைப்பில் பிடிபட்டு நாலு நாள் உள்ளே இருந்து வந்தார். அதற்குப் பின் அவர் இருட்டு அறையில் தூங்கியதில்லை. கனடாவுக்கு வந்தும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மகள் பதினாலு வயதில் வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் அப்பாவைக் கண்டு, யாரோ ஒரு பெரியவருக்குச் செய்வதுபோலக் கைகூப்பினாள்.

அண்ணையின் மனைவி நாலு வருடத்துக்கு முன் காலமானார், அண்ணை போன மாசியில். முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து ஸ்ரௌவ்வில்லில் மகள் வீட்டில் இருந்தோம். அவள் தேத்தண்ணி தந்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "அப்பா நல்லவர்தான் அங்கிள். ஆனால் ஒருநாள் வெறியிலை எங்கடை ஏழு வருசத்தையும் அழிச்சுப்போட்டார். அம்மாவும் சாகுமட்டும் மறக்கேல்லை. நானும் அவரிட்டை மனம்விட்டுக் கதைச்சதில்லை" என்றாள். தேத்தண்ணி நல்லாயிருக்குப் பிள்ளை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அவள் தமிழ் நன்றாக வாசிப்பாள். நேரே சொல்லத் துணிவில்லாததால் இங்கே எழுதுகிறேன். பிள்ளை, அன்றைக்கு உன் அப்பாவுக்கு வெறி இல்லை. ஊதாதே என்று சொன்னது நான்.